முடிவை ஏற்றுக்கொண்டால் என் வாக்கை நானே காட்டிக்கொடுத்ததாகுமா?

நுவரெலியா மாவட்டத்து நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். இலங்கையின் 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அதிகம்பேர் போட்ட வாக்கு வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு அல்ல. வென்றவருக்கு நாட்டிலும் பாதி வாக்கு விழவில்லை, 42 வீதம்தான். ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டு இரவோடிரவாக எண்ணினார்கள், அதற்குள் பெட்டி மாறியிருக்காதா? இதை ஒரு முடிவாக எடுக்கத் தேவையில்லை, கொழும்பில் பெரிய உத்தியோகத்தர்களும் கம்பனிக்காரர்களும் இந்தப் புதிய அரசாங்கத்தை ஓடவிட மாட்டார்கள் என்று தொழிற்சங்கத்து ஆபீசில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் இந்த முடிவை ஏற்றுக்கொண்டால் என் வாக்கை நானே காட்டிக்கொடுத்ததாகாதா? கேள்வியின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது: வாக்களிக்கப் போன அன்று தோட்டத்தில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள்.

இதற்குள் பல கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எண்ணியது சரியா என்பது ஒன்று. சரியாகவே எண்ணியிருந்தாலும் 42 வீதம் எடுத்தவர் எப்படி ஜனாதிபதியாகலாம் என்பது வேறொன்று. ஆனால் நீங்கள் மனதில் வைத்துக் கேட்பது இவை இரண்டையும் அல்ல என்று நினைக்கிறேன். எண்ணிக்கையில் சிறிய சனம், அதிலும் லயத்துச் சனம், தான் விரும்பாத ஒரு முடிவை ஏற்பது மரியாதையா, அடிபணிவா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் மலையகப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்குக் கடமைக் கடிதமும் வரும். அப்படி வாக்கெடுப்பு நிலையங்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகவும், பின்னர் எண்ணும் மண்டபங்களிலும் வேலை செய்திருக்கிறேன். சட்டத்தரணி அல்ல. சட்டம் பற்றிக் கீழே சொல்வதை வழி காட்டுவதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையத்தில் அன்று என்ன நடந்தது என்றும் நான் சாட்சி சொல்ல முடியாது. நான் அங்கே இருக்கவில்லை.

பெட்டி மாறும் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். காலை 7 மணிக்கு முன்னர் வெறும் பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் மூடி முத்திரையிடுவோம். மாலை 4 மணிக்கு வாக்கெடுப்பு முடிந்ததும் ஒரு கணக்கு எழுத வேண்டும்: எத்தனை வாக்குச்சீட்டு கிடைத்தது, எத்தனை கொடுத்தோம், எத்தனை பழுதானது, எத்தனை மிச்சம். அன்றைய நாளில் எங்களுக்கு வியர்க்கும் வேலை இதுதான். வாக்கெடுப்பு நாள் முழுவதும் நின்ற களைப்பில் ஒரு சீட்டுக் கணக்கு உதைத்தாலும் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணும் மண்டபத்தில் பெட்டியைக் கொட்டியதும் யாருக்கு எத்தனை என்று பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சீட்டுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் பிரிப்பது, கட்டுவது எல்லாம். சுற்றிலும் கட்சிகளின் வாக்கெண்ணும் முகவர்கள் நிற்பார்கள். ஒருவர் கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் நிற்கும் எதிர்க்கட்சிக்காரர் கண்ணயர மாட்டார்.

2024இல் ஊரடங்கு போட்டது உண்மை. செப்டம்பர் 21ஆம் திகதி இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை இருந்தது. ஆனால் அந்த ஊரடங்கைப் போட்ட அரசாங்கம் யாருடையது? அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க அதே தேர்தலில் வேட்பாளர். அவர் மூன்றாவதாக வந்தார். ஊரடங்கைப் போட்டுப் பெட்டியை மாற்றியவர், தன்னை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி எதிராளியை வெல்ல வைத்தார் என்று நம்பினால்தான் இந்தக் கதை ஓடும். என்னால் அதை நம்ப முடியவில்லை.

இதற்காக நம் நாட்டுத் தேர்தல்கள் எப்போதும் சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. எண்ணும் மண்டபத்துக்கு வெளியேதான் அவை பெரும்பாலும் கெட்டிருக்கின்றன. 1982 டிசம்பர் 22ஆம் திகதி, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு வருடங்களால் நீட்ட ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம்; விளக்கா குடமா என்று கேட்டார்கள். விளக்கு 54.66 வீதத்தில் வென்றது. அந்த வாக்கெடுப்பில் நடந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் அறிக்கையாக எழுதினார். 2001 டிசம்பர் 5ஆம் திகதி பொதுத்தேர்தல் அன்று கண்டி மாவட்டத்தில் உடத்தலவின்னையில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றோடு ஒப்பிட முடியாவிட்டாலும், தோட்டங்களில் தேர்தலுக்கு முதல் வாரம் இறங்கும் கூரைத் தகரமும் சாராயமும் உங்களுக்கும் தெரிந்த விஷயம். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இவை. நடு இரவில் பெட்டி மாறும் கதை பேசுவதற்குச் சுவையானது, அதனால்தான் நிலைக்கிறது. அதைப் பேசிக்கொண்டிருக்கும்வரை தகரம் கொடுத்தவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இனி 42 வீதம். அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 5,634,915 வாக்குகள், அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவரும் எடுக்கவில்லை என்றால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் போட்டியிலிருந்து விழுந்துவிடுவார்கள். விழுந்தவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, அவற்றில் மிஞ்சிய இருவரில் ஒருவருக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது விருப்பம் எழுதியிருந்தால் அதை அவர் கணக்கில் சேர்ப்பார்கள். 1981ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் சட்டத்தில் இருக்கும் விதி இது. 1982 முதல் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்களில் இது தேவைப்படவில்லை. 2005இல் மயிரிழையில் தப்பியது. மகிந்த ராஜபக்ஷ 50.29 வீதம் எடுத்தார். பாதியைத் தாண்டியது 29,000 வாக்குகளுக்கும் குறைவாகத்தான். 2024இல் முதல் தடவையாக இந்த விதி வேலை செய்தது, முடிவு 22ஆம் திகதி மாலைவரை தாமதித்ததும் அதனால்தான்.

இந்த இரண்டாவது எண்ணிக்கையில் நம் சனம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சங்கத்து ஆபீசில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அதில் 23 இலட்சம் ரணிலுக்கு விழுந்தவை. இந்த 33 இலட்சம் சீட்டுகளில் அநுரவுக்கோ சஜித்துக்கோ அடுத்த விருப்பம் எழுதப்பட்டிருந்தவை 2.73 இலட்சம் மட்டுமே. சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264. அதாவது விருப்பம் எழுதியவர்களில் கூடியவர்கள் தோற்றவரைத்தான் எழுதியிருந்தார்கள். இருவருக்கும் முதல் எண்ணிக்கையில் இருந்த இடைவெளி 12.7 இலட்சம். மிச்சம் 30 இலட்சம் பேர் இந்த இருவரில் யார் என்று வாயே திறக்கவில்லை. அவர்கள் திறந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 42 வீதம் என்று குறைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த 30 இலட்சம் சீட்டுகளை.

நம் மாவட்டத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலையும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. நுவரெலியாவில் முதலாவதாக வந்தது சஜித், இரண்டாவது ரணில், மூன்றாவதுதான் அநுர. ரணிலுக்குப் போட்ட ஒரு தொழிலாளி 1 என்று அவருக்கும் 2 என்று இன்னொருவருக்கும் எழுதியிருக்கலாம். எத்தனை கூட்டத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் கேட்ட மேடைகளிலெல்லாம் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, ஒரே ஒரு புள்ளடி என்றுதான் சொன்னார்கள். வேறு எதையாவது எழுதினால் வாக்கு பழுதாகிவிடும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. படிப்பித்த ஆள் என்ற முறையில் எனக்கு இது பெரிய கோபம். சட்டம் மூன்று விருப்பம் கொடுக்கிறது, நம் தலைவர்கள் ஒன்றைத்தான் கையில் கொடுக்கிறார்கள்.

ஆகவே எண்ணிக்கை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, விதிப்படி வென்றவர் யார் என்பதிலும் இல்லை. அப்படியானால் ஏற்பது என்றால் என்ன? வென்றவர் நல்லவர் என்று ஒப்புக்கொள்வதல்ல. தேர்தல் முழுக்க நேர்மையாக நடந்தது என்று சான்றிதழ் கொடுப்பதும் அல்ல. அடுத்த தேர்தல்வரை கையெழுத்துப் போடும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது, அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் எதிர்க்கும் உரிமை உங்களிடம் அப்படியே இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைகிறது என்று தோன்றினால் தராசுக்கு முன்னால் நின்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளையிடம், பிறகு தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்), பிறகு தொழில் அலுவலகத்தில். ஒவ்வொரு படிக்கும் நேரம் இருக்கிறது. தராசு முன்னால் வாய் திறக்காதவர் சம்பள நாள் முடிந்து பல மாதம் கழித்துக் கடைத்தெருவில் நின்று கத்தினால் தொரைக்குத்தான் சந்தோஷம்.

தேர்தலுக்கும் அந்தப் படிகள் இருக்கின்றன. மண்டபத்திலேயே முகவர் மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கலாம். ஜனாதிபதித் தேர்தல் முடிவை எதிர்க்க நினைப்பவர் முடிவு வர்த்தமானியில் வந்த 21 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பாராளுமன்றத் தேர்தலென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்தப் படிகளை நம் நாட்டில் ஏறிப் பார்த்தவர்கள் உண்டு. 1988 டிசம்பர் 19ஆம் திகதி, நாடு முழுவதும் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் தேர்தல் நடந்தது, 55 வீதம் பேர்தான் வாக்களித்தார்கள். ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்தில் வென்றார். சிறிமாவோ பண்டாரநாயக்க மனுப் போட்டார். அது தள்ளுபடியானது 1992இல், பதவிக்காலத்தின் பெரும்பகுதி ஓடிய பிறகு. 2010இல் சரத் பொன்சேகா முடிவை ஏற்க மறுத்தார். எண்ணிக்கை நடந்த இரவில் அவர் தங்கியிருந்த ஹோட்டலைச் சுற்றி இராணுவம் நின்றது, இரண்டு வாரத்துக்குள் அவர் கைதானார், மனுவும் அதே வருடம் தள்ளுபடியானது. நீதிமன்றத்தால் இரத்தான ஜனாதிபதித் தேர்தல் இதுவரை ஒன்றுகூட இல்லை. முறைகேடு நடந்தது என்று காட்டினால் போதாது, முடிவையே அது பாதித்தது என்று நிறுவ வேண்டும். இலட்சக்கணக்கான வாக்கு வித்தியாசத்தில் அது கடினம். எனவே படிகள் இருக்கின்றன என்று சொல்லும்போது அவை சுலபமான படிகள் என்று நான் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்துக் கிடைக்கும் தீர்ப்பு யாருக்கு என்று ஒருவர் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

மலையகத் தமிழனாகக் கேட்கிறீர்கள் என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்த மலைகளில் ஒரு தேர்தல் முடிவை உண்மையாகவே ஏற்க மறுத்தவர்கள் யார் தெரியுமா? நம் தாத்தாமார் அல்ல. 1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நாட்டின் மற்றவர்களைப் போலவே வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகளில் வென்றது, நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் போனார். நம் ஆட்கள் போட்டியிடாத தொகுதிகள் சிலவற்றிலும் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அந்த முடிவுக்கு எதிராக யாரும் கல்லெறியவில்லை. வென்றவர்கள் தங்கள் ஆசனங்களில் உட்கார்ந்திருந்தார்கள். 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, நம் சனத்தில் பெரும்பாலானோர் பிரஜை இல்லை என்றானார்கள். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்று தேர்தல் சட்டத்துக்குத் திருத்தமும் வந்தன. உறுப்பினர்கள் 1952வரை இருந்தார்கள். அவர்களுக்கு வாக்களித்தவர்களைக் காணவில்லை. அந்த வருடத் தேர்தலில் நம் சனத்தில் பெரும்பாலானோருக்கு வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லை.

அப்போதும் நம்மவர்கள் படிகளில் ஏறித்தான் பார்த்தார்கள். 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மாதக்கணக்கில் சத்தியாகிரகம் இருந்தது. இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கோடக்கன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு, அன்று மேன்முறையீட்டின் கடைசிப் படியான இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1953இல் தோற்றது. வதிவாளர் சட்டத்தை ஆதரித்த தமிழ்க் காங்கிரஸ் தலைமையோடு முரண்பட்டு வெளியேறிய செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கில் பாராளுமன்றம் போனது 1977இல், மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்த நுவரெலியா மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக. நாடற்றவர் என்ற பிரச்சினையை முடிக்க 2003வரை சட்டம் இயற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டங்கள் எந்த வருடம் வந்தன, அவற்றால் என்ன நடந்தது என்பதில் தகராறு இல்லை. ஏன் கொண்டுவந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போவதைக் கண்டு ஆட்சியாளர்கள் பயந்தார்கள் என்பது ஒரு வாதம். எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கச் சொன்ன டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திலிருந்தே கண்டிச் சிங்கள மக்களிடம் இருந்த பயம், தங்கள் மலைகளில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற பயம்தான் காரணம் என்பது மற்றது. இரண்டும் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம், ஆனால் அது அபிப்பிராயம்தான். எப்படியிருந்தாலும், முடிவு பிடிக்காதபோது அதிகாரத்தில் இருப்பவர்கள் சத்தம் போட வேண்டியதில்லை என்பதை அந்த மூன்று சட்டங்கள் காட்டுகின்றன. யார் வாக்காளர் என்ற பட்டியலையே திருத்திவிடலாம்.

தேர்தலையே நடத்தாமல் விடலாம் என்பது இன்னொரு வழி, அதை நீங்களே அனுபவித்தீர்கள். உங்கள் நோர்வூட் பிரதேச சபை 2018இல் புதிதாக உருவானது. அம்பகமுவ சபையைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளையும், நுவரெலியா சபையைப் பிரித்து அக்கரப்பத்தனை, கொட்டகலை சபைகளையும் கொடுத்தார்கள். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவையும் அந்த வருடம்தான் திருத்தினார்கள். அந்த முதல் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணம் விடுவிக்கப்படவில்லை என்று நின்றுபோனது. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தெருவிளக்குக்கும் பாதைக்கும் கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. மத்திய மாகாண சபைக்கு 2018இல் காலம் முடிந்து இன்னும் தேர்தல் இல்லை. இதைச் சொல்லி எந்தச் சங்கத்து ஆபீசிலும் கோபப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை, 42 வீதத்துக்கு மட்டும் கோபம் வருகிறது.

பெரிய உத்தியோகத்தர்களும் கம்பனிகளும் ஓடவிட மாட்டார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். பாதி உண்மை. எந்த அரசாங்கம் வந்தாலும் திறைசேரியிலும் அமைச்சுகளிலும் கோப்பை மெதுவாக நகர்த்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டக் கம்பனிகள் சம்பள விஷயத்தில் நீதிமன்றம் போனதும் புதிதல்ல. ஆனால் அதைச் சொல்லி சந்தோஷப்படுவது நம் வேலையா? தெரிவாகாத ஒருவர் தெரிவானவரை நிறுத்தலாம் என்று இன்று ஒத்துக்கொண்டால், நாளைக்கு நமக்குப் பிடித்த ஒருவர் வந்து லயத்துக்குக் காணி உறுதி கொடுக்க முயலும்போது அதே மேசையில் அதே கோப்பு தூங்கும். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி, பாராளுமன்றத்தில் பெரும்பான்மை காட்டக்கூடிய பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்து, பின்னர் பாராளுமன்றத்தையும் கலைத்தார்கள். கலைத்தது அரசியலமைப்புக்கு மாறானது என்று டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள். அன்று அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்களில் பலர் இன்று ஓடவிட மாட்டார்கள் என்று கைகொட்டுவது எனக்குப் புரியவில்லை.

உங்கள் சங்கத்துக்காரரை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. ஆனால் 2015, 2019, 2024 மூன்று ஜனாதிபதித் தேர்தலிலும் மாவட்டத்தின் பெரிய சங்கமான தொழிலாளர் காங்கிரஸ் கைகாட்டிய வேட்பாளருக்கு நுவரெலியா முதலிடம் கொடுக்கவில்லை. சந்தா கட்டுவது ஒரு கை, வாக்குப் போடுவது இன்னொரு கை என்று நம் சனம் எப்போதோ பிரித்துவிட்டது. தலைமைகளும் முடிவை ஏற்காமல் நெடுநாள் இருந்ததில்லை. 1994இல் ஐக்கிய தேசியக் கட்சியோடு நின்ற காங்கிரஸ், சந்திரிகா வென்றதும் அந்த அரசாங்கத்தோடு சேர்ந்தது. அதே தேர்தலில் மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரனின் ஒற்றை ஆசனத்தில்தான் அந்த ஆட்சி பெரும்பான்மையைத் தொட்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சிறிய எண்ணிக்கையில் இருப்பவர்கள் பேரம் பேசித்தான் எதையும் வாங்க முடியும். ஆனால் மேலே பேரம் நடந்துகொண்டிருக்கும்போது கீழே உங்களிடம் ஏற்காதே என்றால், அந்த ஏற்காமை பேரத்தின் விலையைக் கூட்டத்தானா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, வயதானவர்கள் வீட்டுக்குள் மட்டும் பேசுவது. 1977 ஜூலை 21ஆம் திகதி தேர்தல் முடிந்து அடுத்த மாதமே கலவரம் தோட்டங்களுக்கு வந்தது. லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதனால் முடிவு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, யார் வென்றாலும் சரி என்று சொல்லும் ஒரு பழக்கம் நம்மிடம் வந்தது. உங்கள் கேள்வியில் இருக்கும் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குப் படுகிறது. பயத்தில் ஏற்பதும் தெரிந்து ஏற்பதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். பயத்தில் ஏற்பவர் அடுத்த நாள் எதையும் கேட்க மாட்டார். நீங்கள் கேட்கிறீர்கள், ஆகவே வாக்கைக் காட்டிக்கொடுத்தவர் நீங்கள் இல்லை.

கேட்பதென்றால் அரைப்பேரிலிருந்து தொடங்குங்கள், உங்கள் கேள்வியிலேயே தெளிவான பதில் உள்ள பகுதி அதுதான். வாக்களிக்கப் போவதற்குத் தொழிலாளி எழுத்தில் விடுப்புக் கேட்டால், சம்பளத்தில் பிடிக்காமல் குறைந்தது நான்கு மணித்தியாலம் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும் என்று தேர்தல் சட்டம் சொல்கிறது. எழுத்தில் என்பதுதான் தோட்டங்களில் நாம் கோட்டைவிடும் இடம். பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், வாயால் சொல்லிவிட்டுப் போனால் பிறகு சாட்சி இருக்காது. அடுத்த தடவை தோட்டக் கமிட்டியே பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் எழுதி, பிரதியில் ஆபீஸ் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளட்டும். அதன் பிறகும் அரைப்பேர் போட்டால் அந்தப் பிரதியோடும் சம்பளச் சீட்டோடும் தொழில் அலுவலகத்துக்கும் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு செய்யலாம். 2024 செப்டம்பர் சம்பளச் சீட்டு இன்னும் கையில் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். உங்களோடு அன்று அரைப்பேர் வாங்கிய மற்றவர்களிடமும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இவ்வளவு காலம் கழித்து அதை வைத்து என்ன செய்யலாம் என்று தொழில் அலுவலகத்தில்தான் சொல்வார்கள். தனியாகப் போவதைவிட நான்கைந்து பேராகப் போவது நல்லது.